சரித்திரம் வீட்டுக் கிடங்கு

"அம்மா, மணி என்ன ஆச்சு?" என்று குழிக்குள்ளிருந்து கொத்தனார் கேட்டார்.

அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். அந்த ஊரில் குழிக்குள் நிற்கிற கொத்தனார் மணி கேட்டால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த ஊர் அது. எந்தெந்த தேசத்துக் கப்பல்களோ வந்து போன இடம். கப்பல்களும் போய், கடலும் கொஞ்சம் தள்ளிப் போய், இப்போது மிஞ்சியிருப்பது ஒரு படகுத்துறையும், மீன் ஏலம் போடும் கொட்டகையும், மண்ணுக்கடியில் கிடக்கும் பானை ஓடுகளும்தான். கம்பம் நடக் குழி பறித்தால்கூட ஒரு ஜாடிக் கழுத்தோ கண்ணாடி மணியோ தலை காட்டிவிடும். காட்டினால் வேலையை நிறுத்திவிட்டுத் தொல்பொருள் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அப்படிச் சொன்ன நல்லவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு சுவர் எழும்பியதை யாரும் பார்த்ததில்லை. அதனால் ஊர்க் கொத்தனார்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏதாவது தட்டுப்பட்டால் மணி கேட்பார்கள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்கு" என்றால் மேற்கொண்டு தோண்டலாம். "நேரமாச்சு" என்றால் மூடிவிடுவார்கள்.

அவள் கரண்டியும் கையுமாகக் கொல்லைக்கு ஓடினாள். குழி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கொத்தனாரின் காலடியில், ஈரமண்ணிலிருந்து பெரிய ஜாடி ஒன்றின் வாயும் ஒரு கைப்பிடியும் துருத்திக்கொண்டு நின்றன. கொத்தனார் அதைப் பார்க்காதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நேரம் இருக்கு," என்றாள் அவள், கொஞ்சமும் யோசிக்காமல்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. பெருசா இருக்கு... நேரம்."

"எவ்வளவு பெருசா இருந்தாலும் இருக்குய்யா. இன்னைக்குள்ள தோண்டி முடிச்சாகணும். எங்க மாமா நிலைமை உமக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரிந்த நிலைமைதான். மாமனார் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். எத்தனையோ கப்பல்களைக் கயிறு கட்டிக் கரைக்குக் கொண்டுவந்த மனுஷர், போன மழையில் படகுத்துறைப் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழிப்பறையோ கொல்லையின் கடைசியில், படி இறங்கிப் போகிற பள்ளத்தில். காலையிலும் மாலையிலும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிப் போக வேண்டும். அவர் அறையை ஒட்டியே ஒரு கழிப்பறை கட்டிவிட்டால் கைத்தடியை ஊன்றித் தானே போய்வருவார். அதற்காகத்தான் இந்தக் குழி. கட்டுகிறேன், கட்டுகிறேன் என்று புருஷன் வாயால் கட்டியதெல்லாம் போதும் என்று, தார்ப்பாய்ப் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு அவளே நின்று கொத்தனாரை இறக்கியிருந்தாள்.

கொத்தனார் கடப்பாரையைக் கையில் எடுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சரித்திரம் வந்து சேர்ந்தான்.

சரித்திரம் என்பது அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற கைடு அவன். வீட்டின் முன்னறையைத் தனக்கென்று ஒதுக்கி, சுவரெல்லாம் வரைபடமும் கப்பல் படமுமாக மாட்டி, வாசலில் 'பழைய துறைமுக வரலாற்று நிலையம்' என்று பலகையும் தொங்கவிட்டிருந்தான். முதலில் அங்கே உட்காரவைத்துக் கதை சொல்வான். பிறகு கொல்லையைக் காட்டிவிட்டுப் படகுத்துறைக்குக் கூட்டிப்போவான். இன்றைக்குக் குழி தோண்டுகிறோம், யாரையும் கூட்டிவராதே என்று காலையில் அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போயிருந்தான்.

இப்போது அவன் பின்னால் தொப்பியும் கேமராவுமாக ஒரு கூட்டம் நின்றது.

"ஐயா, அம்மா, எல்லாரும் இப்படி வாங்க. நான் சொன்னேனே கிடங்குக்காரி, அவளோட கிடங்கு இருந்த இடம் இதுதான். இந்த மண்ணுக்கு அடியிலதான்..." என்று கையை நீட்டியவன், நீட்டிய கைக்கு நேராக ஜாடியைப் பார்த்துவிட்டான்.

அவள் கண்ணால் கெஞ்சினாள். கரண்டியால் சைகை காட்டினாள். கொத்தனார் தன் தோள்துண்டை எடுத்து ஜாடிமேல் போடப் பார்த்தார். சரித்திரத்தின் முகம் பூரித்துப்போய்விட்டது. இத்தனை வருஷமாகத் தன் வாயால் மட்டுமே நிறுத்திவைத்திருந்த ஒன்று கைப்பிடியோடு எழுந்து வந்தால் எந்த மனுஷனால்தான் சும்மா இருக்க முடியும்? அவனால் சாதாரண நாளிலேயே முடியாது.

"பாத்தீங்களா!" என்று கத்தினான். "நான் சொன்னேனா இல்லையா! கிடங்குக்காரி ஜாடி!"

கேமராக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே எழுந்தன. அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

*

மறுநாள் காலையில் ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். இளவயசு. கணுக்கால்வரை சேறு. அதைப்பற்றிக் கவலைப்படுகிறவளாகவும் தெரியவில்லை. குழியைச் சுற்றிக் குச்சி நட்டு, மஞ்சள் நாடா கட்டி, உள்ளே இறங்கி உட்கார்ந்து சின்னத் தூரிகையால் ஜாடியைத் தடவத் தடவ அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வீட்டுக்காரிக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளைக்குத் தலை துவட்டுகிறமாதிரியல்லவா துவட்டுகிறாள்!

"இந்த இடத்தைப்பத்தி ஊர்ல ஏதாவது கதை உண்டுங்களா?" என்று அதிகாரி கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றாள் இவள் அவசரமாக.

"இல்லையா?" என்று சரித்திரம் முன்னால் வந்தான். "யாரைப் பாத்து இல்லங்கறே? நீங்க இப்படி நிழல்ல உக்காருங்க மேடம்."

பிறகு அவன் ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் இந்தத் துறையில் ஒரு பெண் வியாபாரி இருந்தாள். கிடங்குக்காரி என்று பெயர். கரைக்கு வருகிற சரக்கெல்லாம் அவள் கிடங்கில்தான் இறங்கும். ஒவ்வொரு கப்பலும் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்குக் கடலுக்கு ஒரு கைப்பிடி சரக்கை அவள் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வருஷம் மனசு வரவில்லை. 'கிடங்கு காலியா இருக்கு, அடுத்த தடவை பாக்கலாம்' என்று கடலிடம் சொல்லிவிட்டாள். கடல் ரோஷக்காரக் கடல். சரி என்று பின்வாங்கிப் போயிற்று. கப்பல்கள் எல்லாம் தரைதட்டி நின்றன. ஆனாலும் அதற்குச் சந்தேகம் தீரவில்லை. உண்மையிலேயே காலியா என்று ஒருநாள் நேரில் பார்க்கவே கிளம்பி வந்துவிட்டது.

இதை அவன் சொல்லும்போது தரையில் தவழ்ந்தான், கடலாக எழுந்தான், கதவைத் தட்டினான். அதிகாரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிச்சக் கதையைப் படகுத்துறையில்தான் சொல்வது வழக்கம் என்று அவன் அங்கேயே நிறுத்தினான். கொல்லைக் கதவருகே நின்று இவள் பல்லைக் கடித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள் அதிகாரி. "கிடங்குங்கற பேரு மட்டும் இங்க எத்தனை நாளா வழங்குது?"

"எங்க அப்பாவோட தாத்தா காலத்துலேருந்து மேடம். எங்க கொல்லைக்கே கிடங்குன்னுதான் பேரு. பேரு சும்மா வருமா?"

"அப்ப பெரிய சரக்குக் கட்டடமா இருக்க வாய்ப்பு இருக்கு. சமையல்கட்டுப் பக்கமும் கொஞ்சம் தோண்டிப் பாக்க வேண்டியிருக்கும்."

சமையல்கட்டு என்றதும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம். இவரு சொல்றதை நம்பாதீங்க. கிடங்குன்னா நான் பொறந்த ஊர்ல குழிம்மா. வெறும் குழி. வாழ வந்த புதுசுல 'பின்னால கிடங்கு இருக்கு'ன்னு சொன்னாங்க. நான் எங்க விழுந்துடப்போறேனோன்னு ஒரு வாரம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இங்க கிடங்குன்னா சரக்கு வைக்கற இடமாம். எந்தச் சரக்கு? எவன் வச்சான்? அந்தக் காலத்துல எவனோ குப்பை கொட்டக் குழி வெட்டியிருப்பான். குழியைக் கிடங்குன்னு சொல்லியிருப்பான். அதைப் பிடிச்சுக்கிட்டு இவரு கப்பல் ஓட்டறாரு."

தன்னுடைய சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள். குப்பைக் குழி என்று தெரிந்தால் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா?

அதிகாரி ஜாடியை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "குப்பைக் குழியா? ஐயோ, அப்படி மட்டும் இருந்துட்டா! கட்டடத்தைவிடக் குப்பைக் குழிதாங்க எங்களுக்குப் பெருசு. என்ன சாப்பிட்டாங்க, எதை உடைச்சாங்க, எதைத் தூக்கிப் போட்டாங்க, எல்லாம் அதுலதான் இருக்கும்."

"குப்பைகூட இல்லம்மா," என்றாள் இவள் குரல் இறங்கி. "கக்கூஸ் குழியாக்கூட இருக்கலாம்."

"அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணுங்க!"

இவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அப்ப நான் கேக்கறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால எவனோ ஒருத்தன் இங்க போயிருந்தா அதுக்கு நாடா கட்டிக் கும்பிடு போடுவீங்க. இன்னைக்கு உசிரோட இருக்கற எங்க மாமா போறதுக்கு ஒரு குழி வெட்டக் கூடாது. அப்படித்தானே?"

அதிகாரி தூரிகையைத் துடைத்தாள். கெட்டவள் இல்லை. முகம் வாடிப்போயிற்று. பிறகு சொன்னாள்: "கொல்லைப் பக்கம் என் கையில இல்லைங்க. மேல எழுதியாச்சு. ஆனா தெருவுல குழாய் பதிச்சப்ப உங்க வீட்டு முன்பக்கம் எங்க ஆளுங்க பாத்திருக்காங்க. அங்க எல்லாம் பிற்பாடு கொட்டி நிரப்பின மணல். ஒண்ணும் கிடையாது. முன்பக்கம் கட்டறதுன்னா இன்னைக்கே ஆரம்பிங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

இவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் வரலாற்று நிலையத்தைப் பார்த்தான்.

"அது மட்டும் நடக்காது," என்றான்.

*

நாடா கட்டிய பிறகு கொல்லை வழி அடைபட்டுவிட்டது. மாமனாரை முன்வாசல் வழியாகத் தெருவில் இறக்கி, டீக்கடையைத் தாண்டி, சந்தில் திரும்பிப் பின்கதவு வழியாகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. முன்னால் அவள், பின்னால் அவன், நடுவில் நாற்காலியில் அவர். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏறாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேர் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டீக்கடைக்காரர் நல்ல மனுஷர். இவர்கள் வருவதைப் பார்த்தால் உள்பக்கம் திரும்பி எதையாவது தேடுவார். ஆனால் ஜாடி கிடைத்த செய்தி பரவிச் சுற்றுலாக் கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. எல்லாருக்கும் உள்பக்கம் திரும்பத் தோன்றுமா?

ஒருநாள் காலையில் ஒரு கேமராக்காரர் பவ்யமாக ஒதுங்கி வழிவிட்டு, சரித்திரத்திடம் கேட்டார். "இது பழைய காலத்து வழக்கங்களா? பெரியவரை இப்படி ஊர்வலமாத் தூக்கிட்டுப் போறது?"

சரித்திரம் வாயைத் திறந்தான். அவன் வாயைத் திறந்த விதமே சரியில்லை.

"ஏதாவது சொன்னீங்க, நாற்காலியை இங்கயே போட்டுட்டுப் போயிடுவேன்," என்றாள் அவள் முன்னாலிருந்து, திரும்பிப் பார்க்காமலே.

அவன் வாயை மூடிக்கொண்டான். மாமனார் மட்டும் மெதுவாகச் சொன்னார். "கப்பலைக் கட்டி இழுத்திருக்கேன். அதுக்கும் இப்படித்தான் வேடிக்கை பாக்க நிப்பாங்க. கப்பலுக்கு வெக்கம் இல்ல."

அவள் பிடியை மாற்றிக்கொண்டாள். நாற்காலிக் காலைப் பிடித்த விரல்கள் வலித்தன. பட்டறையில் நாள் முழுக்கத் தார்ப்பாயை மடித்து ஊசிக்குக் கொடுக்கிற விரல்கள். ஏற்கெனவே வீங்கித்தான் இருந்தன.

இரண்டு வேளை போனது ஒரு வேளையாயிற்று. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. "இன்னைக்கு வேண்டாம்மா, வரல," என்பார். கஞ்சியைக் கால் கிண்ணத்தோடு தள்ளிவைத்துவிடுவார். வயசான வயிறு, பசி எடுக்கவில்லை போல என்று அவளும் நினைத்தாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் வேறு என்ன நினைக்க முடியும்? கூஜா நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து பார்த்தால் காலியாக இருக்கும். தண்ணீராவது குடிக்கிறாரே என்று ஆறுதல்பட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காற்றே இல்லை. கடல் பக்கமிருந்து வருகிற கொஞ்சநஞ்சம் காற்றும் நின்றுபோய், ஊரே கருவாட்டு வாடையில் வெந்துகொண்டிருந்தது. துணி உலர்த்த வீட்டின் பக்கவாட்டுக்குப் போனவள், மாமனாரின் ஜன்னலுக்குக் கீழே சுவர் நனைந்திருப்பதைப் பார்த்தாள். மழை பெய்து எவ்வளவோ நாள் ஆயிற்று. சுவரடியில் மட்டும் புல் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை வந்தது. கையில் தம்ளர். தம்ளர் கவிழ்ந்தது.

"மாமா!"

கை உள்ளே போய்விட்டது.

அவள் ஓடி அறைக்குள் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகக் காட்டிக்கொண்டார். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. இத்தனை நாள் இதைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள்.

"ஏன் மாமா இப்படிப் பண்றீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"உள்ள போனாத்தானேம்மா வெளிய வரும்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

*

சரித்திரம் முன்னறையில் உட்கார்ந்து ஒரு படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். அதிகாரி கொடுத்த ஜாடிப் படம். அவள் வந்து சுத்தியலைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

"இந்த அறையைக் காலி பண்ணுங்க."

"ஆரம்பிச்சுட்டியா? இப்பத்தான் ஊரே இந்த வீட்டைத் தேடி வருது. இந்த நேரத்துல போயி முன்னறையில கக்கூஸ் கட்டுன்னா? வர்றவன் சிரிக்க மாட்டான்?"

"சிரிக்கட்டும்."

"உனக்கு எப்பவுமே என் தொழில்னா எளக்காரம். கொல்லையில அனுமதி குடுத்துருவாங்க. கொஞ்சம் பொறு. அப்பா பொறுத்துக்கிட்டுதானே இருக்காரு? அவரே ஒண்ணும் சொல்லல."

"அவரு எப்படிச் சொல்லுவாரு? நாக்கு ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கு!"

அவன் விளங்காமல் பார்த்தான்.

"உங்க அப்பா தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டாரு. தெரியுமா உங்களுக்கு? நான் வச்சிட்டுப் போற தண்ணியை ஜன்னல் வழியா ஊத்தறாரு. சோத்தையும் பாதிக்குப் பாதி விட்டுடறாரு. எதுக்கு? உங்க கூட்டத்துக்கு முன்னால நாற்காலியில உக்காந்து போக வேணாம்னு. கடல் எந்த வருஷம் பின்வாங்குச்சுன்னு கேட்டா சொல்லுவீங்க. கிடங்குக்காரி காதுல என்ன போட்டிருந்தான்னு கேட்டா சொல்லுவீங்க. பக்கத்து அறையில பெத்த அப்பன் உதடு வெடிச்சுக் கெடக்கறான், அது தெரியல! என்ன சரித்திரம்யா இது?"

கடைசி வாக்கியத்தில் அவள் மரியாதையை விட்டுவிட்டாள். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"பொய் சொல்றே," என்றான், பலமில்லாமல்.

"போயிப் பாருங்க. நேர்ல போயிப் பாருங்க."

அவன் எழுந்து போனான். அவள் போகவில்லை. மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றாள். பேச்சு எதுவும் கேட்கவில்லை. தம்ளர் வைக்கிற சத்தம், பிறகு கிழவர் ஏதோ முனகுகிற சத்தம், பிறகு கட்டில் கிரீச்சிடுகிற சத்தம். இவ்வளவு நேரம் அந்த மனுஷன் ஒரு இடத்தில் பேசாமல் இருந்ததை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை.

திரும்பி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலிமேல் ஏறி, கப்பல் படத்தை ஆணியிலிருந்து கழற்றினான். பிறகு வரைபடத்தை. மூலையில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்த இடத்தில் வரைபடம் கிழிந்தது. ஒரு கணம் கையை எடுத்துவிட்டு, மறுபடி பிடித்து மிச்சத்தையும் உரித்தான்.

"கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லு," என்றான். "கடப்பாரை சின்னதாக் கொண்டு வரச் சொல்லு. சுவத்துல அந்தப் பக்கம் வரஞ்சு வச்சிருக்கேன், அதைமட்டும் இடிக்காம..." பாதியில் நிறுத்திவிட்டு, "இல்ல, இடிக்கட்டும்," என்றான்.

பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாசல் பலகையைக் கழற்ற அவளும் ஒரு கை கொடுத்தாள்.

*

முன்னறை மணலில் கொத்தனாரின் கடப்பாரை கேக்கில் கத்தி இறங்குகிறமாதிரி இறங்கியது. கிளிஞ்சல் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. பழக்கதோஷத்தில் ஒருமுறை நிஜமாகவே அவர் மணி கேட்க, அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழியைப் பார்க்க, அவர் கூச்சத்தோடு, "சாப்பாட்டு நேரம் ஆச்சான்னு கேட்டேம்மா," என்றார். அவருக்கு அன்று கிடைத்த திட்டு சாப்பாட்டோடு சேர்த்துத்தான்.

குழி இறங்கி, தொட்டி வைத்து, சுவர் எழும்பி, கதவும் மாட்டியாயிற்று. கிழவரின் அறையிலிருந்து படியே இல்லாமல் நேராகத் தரை. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புக் குழாய். தெருவைப் பார்த்த சுவரில் உயரத்தில் ஒரு சின்னக் காற்றுத்துளை. ஊரில் வேறு எந்த வீட்டுக்கும் வாசலில் கழிப்பறை கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமாதிரியாகச் சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் எங்களுக்கு ஜாடி இருக்கிறதே என்றாள் இவள்.

சிமெண்டு காய்ந்த அன்று காலையில் மாமனார் ஒரு பெரிய தம்ளர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ரொட்டியை நனைத்து நனைத்து நாலைந்து துண்டு தின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கைத்தடியை எடுத்தார். அவள் பிடிக்கப் போனாள்.

"விடும்மா."

ஒவ்வொரு அடியாக வைத்து, குழாயைப் பற்றி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து அந்த மனுஷர் ஒரு கதவைத் தானே தாழ் போடுகிறார்!

அப்போது பார்த்துத் தெருவில் காலடிச் சத்தம். சரித்திரத்தின் கூட்டம். அறை போன பிறகு அவன் வாசலுக்கு எதிரே தெருவோரத்தில் நிறுத்தித்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"...கிடங்கு காலின்னு சொல்லிட்டா. கடலும் போயிருச்சு. ஆனா கடலுக்குச் சந்தேகம் விடல. ஒருநாள் ராத்திரி, மெதுவா, சத்தமே போடாம, இதே தெரு வழியா வந்து அவ கதவை..."

சட்டென்று குரல் நின்றது. மூடிய புதுக் கதவு வாசல் வழியே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைக் கையால் ஒதுக்கி நகர்த்திக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடலாங்க. இங்க வேண்டாம். எங்க அப்பா உள்ள இருக்காரு."

குரலைத் தாழ்த்த அவனுக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. காலடிகள் படகுத்துறைப் பக்கமாகத் தேய்ந்து போயின. தெரு அமைதியாயிற்று.

உள்ளேயிருந்து சத்தம் இல்லை. அவள் காத்திருந்தாள். கஞ்சிப் பானையைக் கிளறிவிட்டு வந்து மறுபடியும் காத்திருந்தாள். பயமாக இருந்தது.

"மாமா? ஒண்ணும் ஆகலையே?"

"போயிட்டானா?" என்றார் கிழவர் உள்ளேயிருந்து.

"போயிட்டாரு மாமா. நீங்க நிதானமா வாங்க."

"முடிவைச் சொல்லாமலே போயிட்டானே!"

"என்ன முடிவு?"

"என்ன முடிவா? கடல் வந்து கதவைத் தட்டுச்சா இல்லியா? இத்தனை வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் பாதிக் கதையைக் கேட்டுக்கிட்டே கெடக்கேன். ஒருநாளாவது முழுசாச் சொல்றானா? வந்தவங்களை எழுப்பிக் கூட்டிக்கிட்டுத் துறைக்குப் போயிடறான். அங்க போயித்தான் மிச்சத்தைச் சொல்லுவான் போலருக்கு. பெத்தவன்கிட்ட வந்து சொல்லணும்னு தோணிச்சா? கேக்கவும் ஒருமாதிரியா இருக்கு. நீ சொல்லு. அவ என்ன ஆனா?"

அவள் கதவுக்கு வெளியே அப்படியே நின்றாள். இத்தனை வருஷம் அந்தக் கதையைத் திட்டியிருக்கிறாள், காதைப் பொத்தியிருக்கிறாள், அதனால் கஞ்சியைத் தீய விட்டிருக்கிறாள். அந்தக் கிடங்குக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் தெரியாது.

"சொல்லும்மா. கடல் உள்ள வந்துருச்சா?"

"வந்துச்சு மாமா."

"பாத்துருச்சா?"

"பாத்துச்சு. சரக்கையெல்லாம் எடுத்துக்கிட்டுது."

"அவளை?"

அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது. பட்டறைக்கு நேரமாகிவிட்டது. நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அவளை விட்டுருச்சு மாமா," என்றாள். "வீட்ல வயசானவரு இருக்காரு, பாத்துக்க ஆளில்லன்னு சொன்னா. சரி போன்னு விட்டுருச்சு. நீங்க தண்ணி ஊத்திட்டு வாங்க."

உள்ளே வாளியில் குவளை இடிபட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. நிறையவே ஊற்றினார்.